கையெழுத்து போன வழி

சில குடும்பங்களில் மூத்த பிள்ளை சாதுவாக இருப்பான். உத்தியோகம், கல்யாணம், ஊரில் நல்ல பெயர் எல்லாம் இளையவனுக்கு முந்திக்கொண்டு வந்துவிடும். பிற்பாடு வீட்டுக்கு வருகிறவர்கள் மூத்தவனைப் பார்த்து, "நீங்கள் அவருடைய தம்பியா?" என்று விசாரிப்பார்கள். அவனும் மறுத்துச் சொல்லத் தோன்றாமல் சிரித்துவிட்டுச் சும்மா இருப்பான்.

ஃபாக்ஸ் என்றும் தொலைநகல் என்றும் நாம் சொல்லுகிற சாதனத்தின் கதியும் இதுதான். முதலில் டெலிபோன் வந்தது. வெகு காலத்துக்குப் பிறகு அதன் கம்பியில் ஒரு பெட்டியை மாட்டிக் காகிதம் அனுப்பக் கற்றுக்கொண்டார்கள் என்றே பலரும் எண்ணியிருக்கிறோம். சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது. அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் டெலிபோனுக்குப் பேடண்ட் வாங்கியது 1876-ஆம் ஆண்டில். எழுத்தின் உருவத்தைக் கம்பி வழியே அனுப்பும் யந்திரத்துக்கு அலெக்ஸாண்டர் பெயின் என்பவர் பேடண்ட் வாங்கியது 1843-ஆம் ஆண்டில். ஆகவே அண்ணனுக்கும் தம்பிக்கும் 33 வயது வித்தியாசம். இரண்டு அலெக்ஸாண்டர்களும் ஸ்காத்லாந்தில் பிறந்தவர்கள் என்பது ஓர் உபரி வேடிக்கை.

இந்தப் பழங்கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. எத்தனையோ காரியாலயங்களில் இன்று டெலிபோன் கம்பியையே கழற்றி வைத்துவிட்டார்கள். ஆளுக்கொரு கைப்பேசி வந்தபின் சுவரிலிருந்து தொங்கும் கம்பிக்கு வேலை இல்லை. தந்தியும் போய்விட்டது; இந்தியாவில் 2013 ஜூலையில் அதற்கு விடை கொடுத்தாகிவிட்டது. டெலக்ஸ் போன இடம் தெரியவில்லை. ஆனால் ஃபாக்ஸ் மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அனுப்புகிறவரிடம் கம்பியும் இல்லை, யந்திரமும் இல்லை. இன்டர்நெட் வழியாகப் போய், உலகத்தின் மற்றொரு மூலையில் ஒரு பெட்டியிலிருந்து காகிதமாக வெளியே வருகிறது.

அப்படியானால் ஜனங்கள் இத்தனை காலம் எதற்காக இதற்குக் காசு கொடுத்தார்கள்? கம்பிக்கா, காகிதத்துக்கா, அல்லது இரண்டும் இல்லாத வேறொன்றுக்கா? இந்தக் கேள்விக்கு விடை அதன் பூர்வ கதையிலேதான் இருக்கிறது.

★

ஸ்காத்லாந்தின் வடகோடியில் கேத்னஸ் என்று ஒரு சீமை. குளிரும் காற்றும் மிகுந்த பிரதேசம். அங்கே வாட்டன் என்ற கிராமத்தில், சிறு நிலத்தைக் குத்தகைக்கு உழுது பிழைத்த ஒருவருக்கு 1810-ல் பிறந்தவர் பெயின். வீடு நிறையக் குழந்தைகள். படிப்பு அதிகம் ஏறவில்லை. விக் என்ற ஊரில் கடிகாரம் செய்கிறவர் ஒருவரிடம் தொழில் பழகப் போனார். ஒரு குளிர்காலத்தில், பக்கத்து ஊரான தர்ஸோவில் மின்சாரத்தைப் பற்றிப் பிரசங்கம் என்று கேள்விப்பட்டு, பல மைல் தூரம் நடந்தே போய்க் கேட்டுவிட்டு நடந்தே திரும்பினாராம். வேறு சிலரைப் பெண் மோகமோ பண ஆசையோ பிடிப்பதுபோல அன்று அவரை மின்சாரம் பிடித்துக்கொண்டது.

1837-ல் லண்டனுக்கு வந்தார். கையில் காசு இல்லை. பை நிறைய மாதிரி உருவங்கள் இருந்தன. மின்சாரக் கடிகாரம் ஒன்று செய்திருந்தார். அந்நாளில் பெரும் புகழுடன் விளங்கிய விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டனிடம் அதைக் காட்டி யோசனை கேட்டார். "இதற்கெல்லாம் வருங்காலம் இல்லை, இத்துடன் விட்டுவிடுங்கள்" என்று அந்தப் பெரியவர் சொல்லிவிட்டதாகப் பெயின் தெரிவித்திருக்கிறார். சில மாதம் கழித்து, 1840 நவம்பரில், வீட்ஸ்டன் ராயல் சங்கத்தின் முன்னிலையில் ஒரு மின்சாரக் கடிகாரத்தைத் தம்முடையதாகவே காட்டினார். ஏழைத் தொழிலாளி சும்மா இருக்கவில்லை. வழக்காடினார். சில ஆண்டுகளுக்குப்பின் வீட்ஸ்டன் சம்பந்தப்பட்ட தந்திக் கம்பெனியின் மசோதா பார்லிமெண்டுக்கு வந்தபோது, பிரபுக்கள் சபையார் பெயினைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கடைசியில் கம்பெனி அவருக்குப் பெருந்தொகை கொடுத்து ராஜி செய்துகொள்ள நேர்ந்தது.

தமது உழைப்பின் மீது வேறொருவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டதைக் கண்டு கொதித்த மனிதர்தான், கையெழுத்தை உள்ளபடியே தூரதேசத்துக்கு அனுப்பும் வழிக்கும் முதல் கோடு போட்டவர். இதை நான் கதையில் எழுதியிருந்தால், "பொருத்தம் கொஞ்சம் அதிகம்" என்று பத்திரிகை ஆசிரியர் அடித்திருப்பார்.

அவருடைய யோசனை கடிகாரக்காரனுக்கே தோன்றக்கூடியது. இரண்டு ஊர்களில் இரண்டு ஊசல்கள். இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே கதியில் ஆடவேண்டும். இந்தப் பக்கத்து ஊசலின் நுனியில் ஓர் ஊசி, உலோக எழுத்துக்களின் மேல் உராய்ந்து செல்லும். எழுத்தைத் தொடும்போது மின்சாரம் பாயும். பள்ளத்தில் போகும்போது நின்றுவிடும். அந்தப் பக்கத்து ஊசலின் ஊசிக்கு அடியில் ரசாயனத்தில் நனைத்த காகிதம். மின்சாரம் வந்த இடத்தில் காகிதம் கறுக்கும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எழுத்தும் காகிதமும் ஒரு மயிரிழை நகரும். இப்படிக் கோடு கோடாகச் சேர்ந்து உருவம் முழுதாகிவிடும். பக்கத்தைக் கோடுகளாக அரிந்து அனுப்பி, மறுமுனையில் மறுபடி அடுக்குவது என்ற இந்தத் தத்துவம் இன்றுவரை மாறவில்லை.

பெயின் இதில் பணம் காணவில்லை. வழக்குகளிலும் புதுமுயற்சிகளிலும் கையிலிருந்ததும் கரைந்தது. கடைசிக் காலத்தில் அரசாங்கம் கொடுத்த சிறு உபகாரச் சம்பளத்தில் ஜீவித்து, 1877 ஜனவரியில் காலமானார். டெலிபோனுக்குப் பேடண்ட் கிடைத்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது.

★

அடுத்து வந்த பிரடெரிக் பேக்வெல் என்ற ஆங்கிலேயர் ஊசலை விட்டு, உருளும் உருளையைக் கொண்டு வந்தார். மெல்லிய தகட்டில், மின்சாரம் ஊடுருவாத மையினால் எழுதி, உருளையில் சுற்றிச் சுழலவிட்டார். 1851-ல் லண்டனில் நடந்த மகா பொருட்காட்சியில் அதை ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். வேடிக்கையோடு சரி, இரண்டு உருளைகளையும் ஒரே வேகத்தில் சுழலவைப்பது அவரால் ஆகவில்லை.

இதைத் தொழிலாக நடத்திக் காட்டியவர் ஒரு பாதிரியார்! ஜியோவன்னி காஸெல்லி, இத்தாலியில் ஸியெனா நகரத்தில் 1815-ல் பிறந்தவர். பார்மாவில் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்கு உபாத்தியாயராக இருந்தார். அரசியல் கிளர்ச்சியில் கலந்துகொண்டதற்காக 1849-ல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். பிளாரன்ஸுக்கு வந்து பௌதிகம் போதித்தார். ஜபமும் புரட்சியும் பௌதிகமும் ஒரே மனிதரிடம் குடியிருக்கக்கூடிய காலம் அது. அங்கே தான் 'பான்டெலிகிராப்' என்ற யந்திரத்தை அமைக்க ஆரம்பித்தார். பிறகு பாரிஸுக்குப் போய், குஸ்தாவ் பிரமான் என்ற கைதேர்ந்த யந்திரக்காரரின் உதவியுடன் அதை முழுமையாக்கினார்.

யந்திரம் ஆள் உயரத்துக்கு மேல், சுமார் இரண்டு மீட்டர். இரும்புச் சட்டத்தில் நீண்ட ஊசல் தொங்கும். பார்த்தால் செக்கு நினைவு வருமேயன்றிக் கடிதம் நினைவு வராது. 1860-ல் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியே பிரமானின் தொழிற்கூடத்துக்கு வந்து பார்த்து அதிசயித்தார். அவ்வாண்டிலேயே பாரிஸிலிருந்து அமியான் நகரத்துக்கு ஒரு கையெழுத்து போய்ச் சேர்ந்தது. யாருடைய கையெழுத்து? ஐரோப்பா முழுவதும் கொண்டாடிய சங்கீத மேதை ரோஸினியினுடையது. காஸெல்லிக்கு விளம்பரக் கலையும் தெரிந்திருக்கிறது!

1865-ல் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே பொதுஜனங்களுக்கான சேவை ஆரம்பமாயிற்று. இரண்டு வருஷத்தில் மார்ஸேல் வரை நீண்டது. 25 சொற்கள் அடங்கிய ஒரு சிறு சீட்டை அனுப்ப 108 விநாடி பிடித்தது. 108 என்றதும் நம்மவர்களுக்கு அர்ச்சனை ஞாபகம் வரலாம். ஒரு குருக்கள் வேகமாகச் சொன்னால் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான்.

இங்கேதான் நமது கேள்விக்கு முதல் தடயம் கிடைக்கிறது. அப்போது சாதாரணத் தந்தி நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. அது விலையும் குறைவு, வேகமும் அதிகம். பின் எதற்காக இந்தப் பிரம்மாண்டமான ஊசலைத் தேடி ஜனங்கள் வந்தார்கள்? முக்கியமாகப் பாங்குக்காரர்கள் வந்தார்கள். வந்தது செய்திக்காக அல்ல, கையொப்பத்துக்காக. "இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுக்கவும்" என்று தந்தி கொண்டு வரும். ஆனால் அதைச் சொன்னவர் அவர்தானா என்பதற்குத் தந்தியில் அத்தாட்சி ஏது? தந்தியில் வருவது குமாஸ்தாவின் எழுத்து. பான்டெலிகிராப்பில் வந்தது முதலாளியின் கை. அந்த வளைவு, அந்தச் சுழி, அந்த அவசரம், எல்லாம் அப்படியே வந்தன. பாங்குக் குமாஸ்தா தம்மிடம் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்குத்தான் காசு.

நம் பாஷையில் நகல் என்ற சொல்லுக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. அசல் எங்கே என்றுதான் கேட்போம். பத்திரத்தின் நகலைக் காட்டினால் பதிவு அலுவலகத்தில் மதிக்கமாட்டார்கள். அப்படியிருக்க, அசலுக்குச் சமமாக மதிப்புப் பெற்ற நகல் ஒன்று அன்று பிறந்தது.

1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. சேவை நின்றது, மறுபடி எழுந்திருக்கவில்லை. காஸெல்லி பிளாரன்ஸுக்குத் திரும்பி 1891-ல் கண்ணை மூடினார்.

★

நடுவில் வந்த ஏறக்குறைய ஒரு நூற்றாண்டைத் தாண்டிப் போகலாம். அது பெரும்பாலும் போட்டோக்களின் காலம். ஜெர்மானிய விஞ்ஞானி ஆர்தர் கோர்ன் செலீனியம் என்ற பொருளின் உதவியால் புகைப்படத்தையே கம்பியில் அனுப்பினார். பத்திரிகைகளும் போலீஸும் அதைப் பிடித்துக்கொண்டன. யூதரான அவரை ஹிட்லர் ஆட்சி வேலையிலிருந்து நீக்கியது. 1939-ல் அமெரிக்காவுக்குப் போய் அங்கேயே 1945-ல் மறைந்தார். இந்தச் சாதனத்தோடு சம்பந்தப்பட்டவர்களில் சொந்த ஊரில் சுகமாக இருந்தவர் அபூர்வம் போலும்.

காரியாலயத்தின் மேஜைக்கு ஃபாக்ஸ் வந்தது 1966-ல். ஜெராக்ஸ் கம்பெனி ஒரு யந்திரம் வெளியிட்டது. எடை சுமார் 20 கிலோ. சாதாரண டெலிபோனோடு அது வேலை செய்யும். ஒரு பக்கம் போக ஆறு நிமிஷம். இரண்டு காரியாலயங்களும் ஒரே மாதிரி யந்திரம் வைத்திருந்தால்தான் பேசிக்கொள்ளும். ஒரு கம்பெனி யந்திரத்தின் பாஷை இன்னொரு கம்பெனி யந்திரத்துக்குப் புரியாது. கல்யாணத்தில் இரண்டு சம்பந்திகளும் இரண்டு பாஷைக்காரர்களாக வாய்த்ததுபோல.

இந்த இக்கட்டைத் தீர்ப்பதில் ஜப்பான் காட்டிய ஊக்கம் மற்றவர்களிடம் இல்லை. காரணம் அவர்களுடைய எழுத்து. ஆங்கிலேயனுக்கு 26 எழுத்து. டெலக்ஸ் யந்திரத்தில் தட்டிவிடலாம். ஜப்பானியருக்கு அன்றாடப் பத்திரிகை படிக்கவே இரண்டாயிரத்துக்கு மேல் சித்திர எழுத்துக்கள் வேண்டும். அவற்றை எந்த யந்திரத்தில் தட்டுவது? கையால் எழுதி, முத்திரை குத்தி, அப்படியே அனுப்பிவிடுவதே அவர்களுக்குச் சுலபம். எழுத்துக் குறைந்தவர்களுக்கு ஃபாக்ஸ் ஒரு வசதி. எழுத்து நிறைந்தவர்களுக்கு அது விடுதலை. தமிழ் வியாபாரிகளுக்கும் அந்த அனுபவம் உண்டு. டெலக்ஸில் ரோமன் எழுத்துக்குள் திணித்து அனுப்பிய தமிழ், ஃபாக்ஸில் தன் சொந்த உருவத்தோடு போயிற்று.

1980-ல் சர்வதேசச் சபை ஒன்று கூடி, எல்லா யந்திரங்களுக்கும் பொதுவான ஒரு முறையை வகுத்தது. மூன்றாம் வகுப்பு என்று அதற்குப் பெயர். ஒரு பக்கம் ஒரு நிமிஷத்துக்குள் போய்விடும். எப்படி இவ்வளவு வேகம்? கடிதத்தில் பெரும்பாகம் வெள்ளைதானே! ஒவ்வொரு புள்ளியையும் 'வெள்ளை, வெள்ளை' என்று சொல்லிக்கொண்டிராமல், 'இத்தனை புள்ளி தூரம் வெள்ளை' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. நம் கணக்குப்பிள்ளைகள் பக்கம் பூராவும் 'மேற்படி' போட்டு வேலையைச் சுருக்கிய சாமர்த்தியம்தான்.

அந்த முறையில் வேகத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. ஃபாக்ஸ் போகும்போது கேட்கும் அந்த அலறலை மறந்திருக்கமாட்டீர்கள். அது வெறும் இரைச்சல் அல்ல, சம்பாஷணை. கூப்பிடுகிறது ஒன்று; "இருக்கிறேன்" என்கிறது மற்றொன்று. "எந்த வேகத்தில் பேசலாம்?" "இந்த வேகம் எனக்குக் கேட்கிறது." பிறகு பக்கம் போகிறது. போய் முடிந்ததும் மறுமுனை யந்திரம் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லும்: "கிடைத்தது." அதைக் கேட்டபின்தான் நம்முடைய யந்திரம், தேதி, மணி, நம்பர் எல்லாம் போட்டு ஒரு சீட்டை அடித்துக் கொடுக்கும். வியாபாரிகள் அந்தச் சீட்டைக் கடிதத்தோடு குத்தூசியில் குத்திப் பத்திரமாக வைத்தார்கள்.

ஆகவே விடையின் இரண்டு பாதிகளும் அகப்பட்டுவிட்டன. அனுப்பியவர் கை இன்னது என்று காட்டுவது ஒரு பாதி. பெற்றுக்கொண்டவர் பிறகு இல்லை என்று சொல்லமுடியாதபடி செய்வது மறு பாதி.

★

இந்தக் 'கிடைத்தது' எவ்வளவு கனமான சொல் என்பதற்கு நம் தேசத்து வழக்கு ஒன்று சாட்சி. பெங்களூர்ப் பட்டு ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு, அமெரிக்க நிறுவனம் ஒன்று கொடுத்த செக்குகள் பணமில்லாமல் திரும்பின. சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கவேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்குப் போடவேண்டும். ஏற்றுமதிக்காரர் 1996 ஜூன் 11-ஆம் தேதி ஃபாக்ஸில் நோட்டீஸ் அனுப்பினார். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் பதிவுத் தபாலிலும் அனுப்பினார். தபால் ஜூன் 25-ல் கிடைத்தது. வழக்குப் போட்டது ஆகஸ்ட் 8-ஆம் தேதி.

தபாலிலிருந்து எண்ணினால் வழக்கு கெடுவுக்குள் வருகிறது. ஃபாக்ஸிலிருந்து எண்ணினால் கெடு தாண்டிவிடுகிறது. 1999-ல் சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிற்று? எழுத்து மூலம் நோட்டீஸ் என்றுதான் சட்டம் சொல்கிறது, தபால் என்று சொல்லவில்லை. ஃபாக்ஸில் போனதும் நோட்டீஸ்தான். அது போன அன்றே கிடைத்ததாகும் என்று தீர்ப்பளித்தது. ஃபாக்ஸ் முழு மரியாதை பெற்றது. ஃபாக்ஸ் அனுப்பியவர் வழக்கில் தோற்றார். அவசரப்பட்டு அனுப்பிய அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் அவர் பிழைத்திருப்பார்!

★

இப்போது கம்பி அறுந்த கதைக்கு வருவோம்.

1993-ல் அமெரிக்காவில் கார்ல் மாலமுத், மார்ஷல் ரோஸ் என்ற இரண்டு நண்பர்கள் ஒரு பரீட்சை செய்தார்கள். ஃபாக்ஸ் நம்பரையே ஒரு மின்னஞ்சல் விலாசமாக எழுதலாம். இலக்கங்களைப் பின்னாலிருந்து முன்னாக, நடுவே புள்ளி வைத்து எழுதவேண்டும். கடிதம் இன்டர்நெட் வழியாக அந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள ஒரு தொண்டரின் கம்ப்யூட்டரைத் தேடிப் போகும். அவருடைய கம்ப்யூட்டர் உள்ளூர் டெலிபோன் செய்து ஃபாக்ஸாகக் கொடுத்துவிடும். கடல் கடந்து பேசும் செலவு மிச்சம். தொண்டருக்குக் கூலி கிடையாது. அடுத்த ஊருக்குப் போகிறவரிடம், "அப்படியே இந்தக் கடிதத்தையும் அந்த வீட்டில் கொடுத்துவிடுங்கள்" என்று நம் ஊரில் சொல்வது வழக்கம். அதையே உலகம் தழுவிய ஏற்பாடாகச் செய்துவிட்டார்கள்.

இரண்டு ஆண்டுகளில் வியாபாரிகள் வந்தார்கள். ஜே மூல்லர் என்ற பாடகர், ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும்போது விடுதிகளுக்கு வந்த ஃபாக்ஸ்கள் கைக்குச் சேராமல் அவதிப்பட்டார். யந்திரம் ஓரிடத்தில் கிடக்கிறது, மனிதன் ஓரிடத்தில் அலைகிறான். ஃபாக்ஸ் மனிதனோடு வந்தால் என்ன? இதன் பேரில் 1995-ல் ஒரு கம்பெனி பிறந்தது. அதைப் போல இன்று எத்தனையோ உள்ளன.

வேலை நடக்கும் விதம் இதுதான். கம்பெனி உங்களுக்கு ஒரு நம்பரை வாடகைக்கு விடுகிறது. அந்த நம்பருக்கு யார் ஃபாக்ஸ் அனுப்பினாலும், கம்பெனியின் கம்ப்யூட்டரே யந்திரம்போல நடித்து, "இருக்கிறேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு, படமாக்கி உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடும். நீங்கள் அனுப்பவேண்டுமானால், கையெழுத்திட்ட தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும். கம்ப்யூட்டர் அதைக் கறுப்பும் வெளுப்புமான புள்ளிகளாக அரிந்து, பெறுகிறவரின் நம்பரைக் கூப்பிட்டுச் செலுத்தி, "கிடைத்தது" என்ற பதிலையும் வாங்கி உங்களுக்குத் தெரிவிக்கும். ஆகவே கம்பி இல்லை என்பது பாதி உண்மைதான். உங்கள் வீட்டில் இல்லை; கம்பெனிக்காரர் உங்களுக்குப் பதில் டெலிபோன் செய்கிறார்.

டெலிபோனே இன்டர்நெட்டில் ஓட ஆரம்பித்தபோது ஒரு விபரீதம் ஏற்பட்டது. அந்த முறையில் குரலைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறார்கள். வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தாலும் மனிதக் காது இட்டு நிரப்பிக்கொள்ளும். "சாப்...டாயா" என்று காதில் விழுந்தாலும் நமக்கு விளங்கிவிடும். யந்திரத்தின் காதுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஒரு துணுக்கு போனால் பாதிப் பக்கம் போய்விடும். இதற்கு 1998-ல் சர்வதேசச் சபை ஒரு வழி கண்டது. அலறலையே பொட்டலம் கட்டாதே. வாயிலிலேயே அதைக் கேட்டு என்ன சொல்கிறது என்று எழுதிக்கொள். அந்த எழுத்தை மட்டும் அனுப்பு. முந்தின பொட்டலத்தில் உள்ளதை அடுத்ததிலும் ஒரு பிரதி வைத்து அனுப்பு. மறுவாயிலில் அதைக் கொண்டு அலறலைப் புதிதாக எழுப்பு என்பது அந்த வழி. நாதஸ்வர இசையை ஓட்டைக் குழாய் வழியே ஊதிக் கேட்கச் செய்வதற்குப் பதில், ஸ்வரத்தைக் குறித்தனுப்பி அந்த ஊர் வித்வானை வாசிக்கச் சொல்வது போல.

★

இவ்வளவு சாமர்த்தியமும் எதற்கு, மின்னஞ்சலே போதாதா என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் பொது ஆஸ்பத்திரிகளில் ஏறக்குறைய 9,000 ஃபாக்ஸ் யந்திரங்கள் இருப்பதாக 2018-ல் அறுவை வைத்தியர் சங்கம் கண்டுபிடித்துச் சொன்னது. 2019 ஜனவரி முதல் புதிதாக வாங்கக்கூடாது என்று மந்திரி உத்தரவு போட்டார். ஜப்பானில் 2020-ல் கொள்ளைநோய் பரவியபோது, வைத்தியர்கள் கையால் எழுதிய நோயாளிக் கணக்கு ஃபாக்ஸில்தான் சுகாதார நிலையங்களுக்குப் போயிற்று. சில பெயர்கள் விடுபட்டன; சில இரட்டித்தன. மறு வருஷம் சீர்திருத்த மந்திரி டாரோ கோனோ, மத்திய காரியாலயங்களில் ஃபாக்ஸை ஒழிக்கப் புறப்பட்டார். இலாகாக்களிலிருந்து நூற்றுக்கணக்கில் ஆட்சேபங்கள் வந்து குவிந்தன. மந்திரி பின்வாங்க நேர்ந்தது.

அந்த உத்தியோகஸ்தர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அவர்களுடைய பயம் சிரிப்புக்குரியது அல்ல. மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததா, குப்பையில் விழுந்ததா, யார் எழுதினார், யார் நடுவில் திறந்தார் என்று தெரியாது. ஃபாக்ஸ் என்றால் ஒரு நம்பர் இருக்கிறது, ஒரு மணி இருக்கிறது, ஒரு 'கிடைத்தது' இருக்கிறது. நாளைக்கு மேலதிகாரி கேட்டால் காட்டுவதற்கு ஒரு சீட்டு இருக்கிறது.

ஆனால் அந்தச் சீட்டு எதைக் காட்டுகிறது? யந்திரம் யந்திரத்துக்குச் சொன்னதை மட்டுமே. 2018 நவம்பர் 21-ஆம் தேதி இதைத் தேசம் முழுவதும் பார்த்தது. ஜம்மு காஷ்மீரில் ஆட்சி அமைக்க உரிமை கோரி, முன்னாள் முதலமைச்சர் மெஹபூபா முஃப்தி கவர்னருக்கு ஃபாக்ஸ் அனுப்ப முயன்றார். கவர்னர் மாளிகையின் யந்திரம் ஏற்கவில்லை. கடிதத்தின் படத்தை ட்விட்டரில் போட்டார், உலகமே படித்தது. அன்றிரவே சட்டசபை கலைக்கப்பட்டது. பண்டிகை விடுமுறை தினம், ஃபாக்ஸைக் கவனிக்க ஆள் இல்லை என்று கவர்னர் சத்யபால் மாலிக் விளக்கம் சொன்னார். அந்த அரசியலின் நியாய அநியாயம் நமக்கு இங்கே வேண்டாம். உலகமே படித்த கடிதம் போகவேண்டிய ஒரே மேஜைக்குப் போகவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

கம்பி இருந்த காலத்தில் அந்த மேஜைக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தார். யந்திரம் கத்தினால் எழுந்து போய், தாளைக் கிழித்து, பெயரைப் பார்த்து, உரியவரிடம் கொடுப்பார். பெரிய உத்தியோகம் இல்லை, சம்பளமும் சொற்பம். ஆனால் 'கிடைத்தது' என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்தவர் அவரே. இன்டர்நெட் ஃபாக்ஸில் அந்த மனிதர் இல்லை. கம்பெனியின் கம்ப்யூட்டர் நள்ளிரவிலும் "கிடைத்தது" என்று சொல்லிவிடுகிறது, பெறவேண்டியவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஜூன் 11-ஆம் தேதியிலிருந்து கெடுவை எண்ணும் சட்டமோ, அவர் விழித்திருந்தாரா என்று கேட்பதில்லை.

ஆகையால் வாடகை நம்பர் வாங்குகிற வியாபாரிக்குச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. மாதச் சந்தா எவ்வளவு, எத்தனை பக்கம் இனாம் என்று விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நம்முடைய பெயரில் யாரோ ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும் கடிதத்தை, அன்றன்றே எடுத்துப் படிக்க நம்மிடம் யார் இருக்கிறார் என்று முதலில் தீர்மானம் செய்யுங்கள். அவருக்கு ஒரு நாற்காலியும் கொடுங்கள்.